எண்டோஸ்கோபி அறைக்குள் அனுப்பும் முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனைகளை மக்கள் தள்ளிப்போடக் கூடாது என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது சொன்ன செய்தியில் எனக்குச் சிறிதும் மாறுபாடு இல்லை. ஆனால் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்ற கேள்விக்கு, அச்சமும் அறியாமையுமே காரணம் என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அரசு மருத்துவமனைகளில் 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து, அவற்றில் கடைசி 11 ஆண்டுகளை, உடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையிலேயே கழித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த அச்சத்தில் பெரும்பங்கு அறியாமையால் வந்ததன்று, ஒருமுறை பட்ட அனுபவத்தால் வந்தது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு 66 வயதான என் அக்காவுக்கு மலத்தில் ரத்தம் தென்பட்டது. பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்ய அழைத்துச் சென்றேன். முந்தைய நாள் மாலையிலிருந்து பேதி மருந்து கரைத்த தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்து, இரவெல்லாம் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து, காலையில் மிகவும் சோர்ந்துபோய்த்தான் அவர் அங்கே வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கம் கொடுப்பீர்களா என்று நான் கேட்டேன். "அரை மணி நேர வேலைம்மா, அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்கள்; நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "போதும், எடுத்துடுங்க" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா, முடியப் போகுது" என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது. மறுபடி அக்கா கத்தினார்; மறுபடியும் அதே பதில் வந்தது. மூன்றாம் முறை அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அது நான் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். பதினோரு ஆண்டுகள், நாள்தோறும், கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் சொன்னதும் அதுதான். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது அது ஆறுதலாகவே இல்லை.

அக்காவின் பெருங்குடலில் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி ஒன்று இருந்தது. அப்போதே அதை நீக்கிவிட்டார்கள். ஆய்வக முடிவு, அது புற்றுநோயன்று, ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடிய வகை என்று சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடியும் குடலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சை சரியாகவே நடந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அந்த மருத்துவரின் கைத்திறமையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா, "செத்தாலும் சரி, இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பரிசோதனையால் கிடைத்த நன்மையில் பாதி, அது செய்யப்பட்ட விதத்தாலேயே கைவிட்டுப் போய்விட்டது.

கொலனோஸ்கோபியில் வலி எதனால் வருகிறது என்பதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சதையைக் கிள்ளி எடுப்பதால் வலிக்கும் என்றுதான் நோயாளிகள் பயப்படுவார்கள். உண்மையில் குடலின் உட்சுவரில் கிள்ளுவதை உணரும் நரம்புகள் இல்லை. ஆய்வுக்காகச் சதைத் துணுக்கைக் கிள்ளும் பயாப்ஸி நோயாளிக்குத் தெரியவே தெரியாது. குடல் இழுபடுவதும் உப்புவதும்தான் வலி. இடுப்புப் பக்கம் வளைந்து கிடக்கும் குடல் பகுதியில் குழாய் சுருண்டு வளையமாகும்போது, குடலைத் தாங்கிப் பிடித்திருக்கும் சவ்வு இழுபட்டு, அடிவயிற்றைப் பிடுங்குவதுபோல் ஒரு வலி எழும். குடலை விரிப்பதற்காகச் செலுத்தும் காற்று இன்னொரு காரணம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் அடிவயிற்றில் வேறு அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்கும் குடல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பதால் வலி கூடுதலாக இருக்கும். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதைக் கேட்டிருந்தாலே, இவருக்கு ஊசி வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க முடியும்.

ஊசியே இல்லாமல் இந்த வலியைக் குறைக்கவும் வழிகள் உண்டு. சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்தினால், அது குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக விரைவில் வெளியேறிவிடும். வீட்டுக்குப் போன பிறகும் மணிக்கணக்கில் வயிறு உப்பி வலிக்கும் தொல்லை குறையும். உள்ளே போகும்போது காற்றுக்குப் பதில் தண்ணீரைச் செலுத்தும் முறையும் உண்டு. நோயாளியை இடப்பக்கத்திலிருந்து மல்லாக்கத் திருப்புவதும், வயிற்றில் சரியான இடத்தில் கையை வைத்து அழுத்திக் கொடுப்பதும் பல நேரம் ஊசியைவிட நன்றாக வேலை செய்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிரிட்டனில் பல இடங்களில் சிரிப்பு வாயுவையும் பிராணவாயுவையும் சரிபாதியாகக் கலந்து, நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வலிக்கும்போது அவரே வாயில் வைத்து இழுத்துக்கொள்வார். தூக்கம் தட்டினால் கை தானாகத் தளர்ந்துவிடும். சில நிமிடங்களில் தெளிந்தும்விடும். பிரசவ வார்டுகளில் பயன்படுத்தும் அதே வாயுதான்.

வாய் வழியாகச் செய்யும் எண்டோஸ்கோபியின் கதை வேறு. அதில் வலியைவிட ஓங்கரிப்பும் மூச்சடைப்பதுபோன்ற திகிலுமே பெரிது. 1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு நேரான குழாயை வயிறுவரை செலுத்திப் பார்த்தபோது, வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைத்தான் அதற்குத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1957இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் கண்ணாடி இழைக் குழாயை உருவாக்கி, முதலில் அதைத் தாமே விழுங்கிப் பார்த்த பிறகே நோயாளிக்குச் செலுத்தினார். இன்றைய குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. வேலையும் ஐந்து பத்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆகவே வாய் வழி எண்டோஸ்கோபி எல்லோருக்கும் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு விழித்திருக்கும்போதே செய்துகொள்வதில் நன்மைகள் பல. உடனே எழுந்து வேலைக்குப் போகலாம், மூச்சு தொடர்பான ஆபத்து மிகக் குறைவு, செலவும் குறைவு. ஜப்பானில் ஐந்தாறு மில்லிமீட்டர் பருமனே உள்ள குழாயை மூக்கு வழியாகச் செலுத்தும் முறையும் பரவலாக இருக்கிறது. நார்வேயில் கொலனோஸ்கோபியையே மயக்கமில்லாமல் தொடங்கி, நோயாளி கேட்டால் மட்டும் மருந்து கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கும் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விழித்திருக்கும்போதே செய்வதானால், என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதே முதல் மருந்து. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கொத்தனார். ஐம்பது வயதிருக்கும், திடகாத்திரமான மனிதர். ஸ்ப்ரே அடித்த ஒரு நிமிடத்தில் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்கள் பிதுங்க வாசலைப் பார்த்து ஓடினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்டை மரத்துப்போனதால் எச்சிலை விழுங்க முடியவில்லை. தொண்டை வீங்கி மூச்சு நிற்கப்போகிறது என்று நினைத்துவிட்டார். "கசக்கும், தொண்டை தடித்ததுபோல் இருக்கும், விழுங்க வராது, ஆனால் மூச்சு தாராளமாக வரும்" என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்ன பிறகே ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எச்சிலை விழுங்காமல் கடைவாய் வழியே துண்டில் வழிய விட்டுவிட வேண்டும், மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும், தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் நிறுத்துவோம். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கையை உயர்த்தினால் உண்மையாகவே நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பலர் கையை உயர்த்துவதே இல்லை.

இப்போது மயக்கத்துக்கு வருகிறேன். மயக்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல படிகளைக் கொண்டது. பதற்றம் மட்டும் தணிந்திருப்பது ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லும் அரைத்தூக்கம் ஒன்று. பலமாகத் தட்டினால்தான் அசையும் ஆழ்ந்த தூக்கம் ஒன்று. எதற்கும் அசையாத முழு மயக்கம் ஒன்று. ஒரு படியில் நிறுத்த நினைத்துக் கொடுத்த மருந்து, மெலிந்த மூதாட்டி ஒருவரை அடுத்த படிக்கே இறக்கிவிடக்கூடும். ஆகவே கொடுக்கிறவர் எந்தப் படிக்குக் கொடுக்கிறாரோ, அதற்கு அடுத்த படியில் நோயாளி விழுந்தாலும் தூக்கி நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அரைத்தூக்கத்துக்கு நாங்கள் அதிகம் பயன்படுத்தியது மிடாசோலம். இதைப் பற்றி ஒரு செய்தியை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மிடாசோலம் வலிநிவாரணி அன்று. பதற்றத்தைத் தணிக்கும், தூக்கத்தைத் தரும், நடந்ததை மறக்கச் செய்யும், வலியைக் குறைக்காது. வலிக்கு ஃபென்டனில், பென்டாசோசின் போன்ற மருந்துகளைத் தனியாகக் கொடுக்க வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரு பெண்மணிக்கு மிடாசோலம் மட்டும் கொடுத்துக் கொலனோஸ்கோபி செய்தோம். குழாய் வளைவைக் கடக்கும்போதெல்லாம் அவர் முனகினார். என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அம்மா" என்று அழுதார். ஒரு மணி நேரம் கழித்து, கையில் தேநீர்க் குவளையோடு, "ஒண்ணுமே தெரியலை சிஸ்டர், சுகமா தூங்கினேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் மணிக்கட்டில் நகத்தடம் அப்போதும் சிவந்திருந்தது. அன்று மாலை நான் அதை நல்ல முடிவு என்றே பதிவேட்டில் எழுதினேன். இன்று அப்படி எழுத மாட்டேன். நோயாளி மறந்துவிட்டார் என்பதால் அந்த வலி நடக்காததாகிவிடாது. அவர் முனகும்போதே அதற்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

மறதியால் இன்னொரு தொல்லையும் உண்டு. பரிசோதனை முடிந்த கையோடு, நோயாளி எழுந்து உட்கார்ந்து தலையாட்டுகிறார் என்று நம்பி, மருத்துவர் முடிவைச் சொல்லிவிடுவார். என்ன கண்டோம், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி வர வேண்டும் என்று அவ்வளவையும் அவர் கேட்டுத் தலையாட்டுவார். மாலையில் ஒரு சொல்லும் நினைவிருக்காது. துணைக்கு வந்தவரையும் அருகில் வைத்துக்கொண்டு சொல்வதும், தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பதும் சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி. துணைக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்பதும் இதனால்தான். மயக்க ஊசி போட்டவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். ஆனால் நம் ஊரில் மகன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்; அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு போவார். பாதி தூக்கத்தில் இருப்பவரை அப்படி ஏற்றி அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருக்க நான் பார்த்ததில்லை. ஆட்டோவில், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, போக வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில் இப்போது பரவலாகிவரும் மருந்து புரோபோஃபால். சோயா எண்ணெயில் கலந்து வருவதால் பால்போல வெண்மையாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் தூங்க வைத்துவிடும். மருந்தை நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். நோயாளிக்கு இதைவிடச் சுகமான மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மிடாசோலம் கூடிவிட்டால் முறிக்க ஃப்ளூமாசெனில் உண்டு, ஃபென்டனில் கூடிவிட்டால் நாலோக்சோன் உண்டு. புரோபோஃபாலுக்கு முறிமருந்து கிடையாது. அரைத்தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. மயக்கவியல் மருத்துவர் ஒருவர் நோயாளியின் தலைமாட்டிலேயே நின்று கொடுக்க வேண்டிய மருந்து அது.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ், 2014 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் ஒரு மையத்துக்குத் தொண்டைப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோபிக்கும் சென்றார். புரோபோஃபால் மயக்கத்தில் இருந்தபோது பிராணவாயு குறைந்து இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டு, செப்டம்பர் 4 அன்று இறந்தார். அவருடைய உயிர்க்குறிகள் சரிந்துவந்ததை நேரத்தில் கவனிக்கவில்லை என்றும், மருந்து கொடுக்கும் முன் அவருடைய எடையைக்கூடக் குறித்துவைக்கவில்லை என்றும் அரசு விசாரணை கண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் மயக்கத்தையே வெறுக்க வேண்டாம். உரிய கவனிப்போடு கொடுத்தால் இது பாதுகாப்பானதே. அந்தக் கவனிப்பு எது என்பதைத்தான் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரைத்தூக்கம் என்று நான் சொன்ன மிதமான மயக்கத்தில்கூட, பரிசோதனை செய்கிறவர் அல்லாத ஒருவர் நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎச் அமைப்பின் தரநெறிகளும் இதையே கேட்கின்றன. நடைமுறை எப்படி என்று நான் சொல்கிறேன். என் ஒரு கையில் சதைத் துணுக்கைக் கிள்ளும் பயாப்ஸி இடுக்கி இருக்கும். மறு கை, குழாய் நழுவாமல் நோயாளியின் வாயிலுள்ள மவுத்பீஸைப் பிடித்திருக்கும். சதைத் துணுக்கை இடும் புட்டியில் பெயர் எழுதுவதும் நான்தான்; டாக்டர் கேட்டால் ஊசியை ஏற்றுவதும் நான்தான்; மானிட்டரைப் பார்ப்பதும் நான்தான். வெளியே வரிசையில் முப்பது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். மயக்க மருத்துவர்கள் அறுவை அரங்கில் பிரசவ ஆபரேஷனிலும் விபத்துக் கேஸிலும் இருப்பார்கள். இந்த நிலையில் மயக்கமே கொடுக்காமல் விடுவது பாதுகாப்பு என்று எங்கள் மருத்துவர்கள் கருதினால், அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர்.

ஆகவே அரசை நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. எண்டோஸ்கோபி அறைக்கு, நோயாளியைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு செவிலியரைக் கூடுதலாகக் கொடுங்கள். மூச்சு நின்றால் என்ன செய்வது என்று கை பழகும்வரை அவருக்குப் பயிற்சி கொடுங்கள். மூச்சைக் கண்காணிக்கும் கேப்னோகிராஃப் கருவியும் கொடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எல்லோரும் கொரோனாக் காலத்தில் அறிந்துகொண்டார்கள். ஆனால் மூக்கில் பிராணவாயு வைத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு நின்ற பிறகும் அது சிறிது நேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப், மூச்சு நின்ற சில நொடிகளில் சொல்லிவிடும். முறிமருந்துகள் இரண்டும் பீரோவுக்குள் இல்லாமல் ட்ரேயில் இருக்க வேண்டும். இன்னொரு சிறு காரியமும் உண்டு. மிடாசோலம் நம் நாட்டில் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உள்ளதாகவும் 5 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. அவசரத்தில் கை மாறினால் ஐந்து மடங்கு போய்விடும். பிரிட்டனில் இப்படி நேர்ந்த தவறுகளுக்குப் பின், 2008இல் நோயாளர் பாதுகாப்பு முகமை எச்சரிக்கை விடுத்து, இத்தகைய அறைகளில் செறிவு குறைந்த மருந்தையே வைக்கச் சொன்னது. நம் மருத்துவமனைகளும் அதைச் செய்ய ஓர் உத்தரவு போதும்.

இங்கே நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொன்னால், "ஒரு வாய் காபிதான் குடிச்சேன்" என்று வருவார்கள். பால் கலந்த காபி, வயிற்றைப் பொறுத்தவரை சிற்றுண்டிக்குச் சமம். வெறும் தண்ணீரானால் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் காபிக்கு ஆறு மணி நேரம் ஆக வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குறட்டை விடுகிறவர்கள், ஆடும் பல்லோ பல்செட்டோ உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். மதுப்பழக்கம் உள்ளவர்கள், மனைவி, பிள்ளைகள் எதிரில் கேட்டால், அந்தப் பழக்கமே இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். அவர்களுக்கு வழக்கமான அளவு மருந்து பிடிக்காமல், தூங்குவதற்குப் பதிலாகக் கட்டிலில் புரண்டு எழுந்து போராடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் கடமை. உண்மையைச் சொல்வது அவர்கள் கடமை.

என் மனத்தை விட்டு நீங்காதவர்கள் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். ஈரல் சுருங்கி, உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்து, ரத்த வாந்தி எடுத்தவர்களுக்கு அந்தப் புடைப்புகள் அடங்கும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை குழாய் விட்டு ரப்பர் வளையம் போட வேண்டும். இவர்களுக்கு மிடாசோலத்தை வாரி வழங்கவும் முடியாது. ஈரல் பழுதானவர்களுக்கு அது நாள்கணக்கில் புத்தித் தடுமாற்றத்தைக் கொண்டுவந்துவிடக்கூடும். ஆசிட் பட்டு உணவுக்குழாய் சுருங்கியவர்கள் இன்னொரு கூட்டம். சோறு இறங்குவதற்காக, மாதக்கணக்கில் வந்து அந்தப் பாதையை விரித்துக்கொண்டு போவார்கள். ஒரு பெண் ஒவ்வொரு முறையும் கட்டிலில் ஏறும் முன் தாலிச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "சிஸ்டர், இன்னிக்காவது ஊசி உண்டா?" என்று கேட்பாள். அன்று எந்த டாக்டர், அன்று வரிசை எவ்வளவு நீளம், அன்று மயக்க டாக்டர் வந்தாரா என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். ஒரு மனுஷியின் வலிக்கு இவையா விடை சொல்ல வேண்டும்?

சம்மதம் பற்றி 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோதே தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை நீக்கிய வழக்கு அது. நோயாளி கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றும், என்ன செய்யப்போகிறார்கள், அதன் நன்மை தீமை என்ன, மாற்று வழி என்ன என்பதை விளங்கிக்கொண்டு தரும் சம்மதமே சம்மதம் என்றும் நீதிமன்றம் கூறியது. மாற்று வழி என்பதில் மயக்கம் உண்டா இல்லையா என்பதும் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆங்கிலத் தாளின் அடியில் வாங்கும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. பேதி மருந்து குடித்துத் துவண்டு வந்தவரிடம், கட்டிலுக்கு அருகில் வைத்துக் கேட்பதும் கேட்டதாகாது. தேதி கொடுக்கும் நாளிலேயே, புறநோயாளி மேசையிலேயே, தமிழில் கேட்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்கி, எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பெரிய எழுத்தில், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். எனக்கு மயக்கம் உண்டா, வேண்டும் என்றால் கிடைக்குமா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, வலிக்கு என்ன கொடுப்பீர்கள், மருந்தை யார் கொடுப்பார்கள், நான் தூங்கும்போது என்னைக் கவனிப்பவர் யார், நடுவில் தாங்க முடியாவிட்டால் நிறுத்துவீர்களா என்று கேட்டால் போதும். கேள்விகளின் மருத்துவச் சரிபார்ப்பைத் தங்களுக்குத் தெரிந்த குடல்நோய் மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் செய்து தரட்டும். என் அக்காவுக்கு அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த அரைப்பக்கம் வெளிவரும் நாளில், அதை வெட்டி அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் தாளாக வைக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.